வயசைக் குறைச்சா கப் வருமா? – ஒரு அம்மாவின் கடிதமும் என்ட பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கொட்டாஞ்சேனையில இருந்து எழுதுறேன். நைஜீரியாவோட 17 வயசு ஃபுட்போல் டீமைப் பத்தி நீங்க எழுதினதை என்ட மகன் தான் போன்ல காட்டினான். அவனுக்கு ஃபுட்போல்னா உயிர். வார நவம்பர்ல 15 முடியுது. ஸ்கூல் டீம்ல விங்ல விளையாடுறான், நல்லா ஓடுவான், ஆனா ஆள் சின்னன். அவனோட நிக்கிற பொடியன்கள் எல்லாம் ஒரு சாண் உயரம் கூட. போன தரம் செலெக்ஷனுக்குப் போய் நிப்பாட்டிட்டாங்கன்னு அழுதுகொண்டு வந்தான்.

இப்ப பின்னேரத்துல கோச்சிங் குடுக்குற ஒருத்தர் எங்கட வீட்டுக்கே வந்து கதைச்சார். ரெண்டு வருசம் குறைச்சு பர்த் சர்டிபிகேட் எடுக்கலாமாம், அதுக்கு ஆள் இருக்காம், கொஞ்சம் செலவாகுமாம், எடுத்தா சின்னப் பிரிவுல இவன் தான் ராஜாவாம். நான் பயந்து போய் இது பிழையில்லையான்னு கேட்டேன். அதுக்கு அவர், "நைஜீரியா அஞ்சு தரம் உலகக் கப் எடுத்தது எப்பிடின்னு நினைக்கிறீங்க, எல்லாம் வயசு குறைச்சுத்தான்"னு சொன்னார். என்ட அவரும் எல்லாரும் செய்றது தானேன்னு சொல்றார். அந்த டீமைத் தான் நீங்க அவ்வளவு விருப்பத்தோட எழுதியிருந்தீங்க. அவங்க கள்ளப் பொடியன்களா அக்கா? அப்பிடின்னா ஏன் புகழ்ந்தீங்க? நான் மகனுக்கு என்னத்தைச் சொல்றது?

இப்படிக்கு,
ஒரு அம்மா


தங்கச்சி,

முதல்ல பதிலைச் சொல்லிடுறேன், காரணத்தைப் பிறகு ஆறுதலாக் கதைப்பம். வேணாம். அந்த மனுசன் சொல்றதைக் கேக்காதீங்க, ஒரு ரூபா குடுக்காதீங்க, மகன்ட ஒரிஜினல் பர்த் சர்டிபிகேட் அவர் கைக்குப் போகவே கூடாது, ஏற்கனவே குடுத்திருந்தா நாளைக்கே போய் வாங்கிடுங்க.

இனி நைஜீரியா. அந்த அஞ்சு கப்பையும் அவர் தன்ட யாவாரத்துக்கு சாட்சியா இழுத்தது தான் எனக்கு சரியான கோவம், ஏன்னா அந்தக் கதையை முழுசாத் தெரிஞ்ச ஒருத்தர் அதை வச்சு ஒரு பிள்ளைட வயசைக் குறைக்கச் சொல்ல ஏலாது, அந்தக் கதை காட்டுறது அப்பிடியே மற்றப் பக்கத்தை.

பொய் நடக்கவே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். நடந்திச்சு, பிடிபட்டாங்க, தண்டனையும் கிடைச்சிச்சு. அதை மறைச்சு அந்த டீமைப் புகழ்ந்தா அந்தப் புகழுக்கு ஒரு மதிப்பும் இல்ல. அதனால ரெண்டையும் சேர்த்தே சொல்றேன், மகனையும் பக்கத்துல வச்சுக்கொண்டு வாசிங்க.

1985ல சீனாவுல தான் ஃபிஃபா இந்தச் சின்ன வயசு உலகப் போட்டியை முதல் தரம் நடத்திச்சு, அப்ப அது 16 வயசுக்கு உட்பட்டவங்களுக்கு, 1991ல தான் 17 ஆக்கினாங்க. பீஜிங்ல நடந்த ஃபைனல்ல நைஜீரியா மேற்கு ஜெர்மனியை 2-0ன்னு அடிச்சிச்சு. ஒரு ஆபிரிக்க நாடு ஃபிஃபா நடத்துற உலகப் போட்டி ஒண்டுல கப் எடுத்தது அது தான் முதல் தடவை, பெரியவங்கட டீம் எதுவும் செய்யாததை இந்தப் பொடியன்கள் செஞ்சாங்க. அந்த டீமுக்குக் கேப்டன் இந்துகா உக்பாடே. இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கச் சொல்லுங்க மகன்ட்ட, ஏன்னா நாலு வருசம் கழிச்சு 1989ல சவூதியில டமாம்ங்கிற ஊர்ல 20 வயசு உலகப் போட்டி கால் இறுதியில சோவியத் யூனியன் 4-0ன்னு முன்னுக்கு நிக்குது, மெட்ச் முடிய அரை மணித்தியாலம் தான் இருக்கு, அதுக்குள்ள நைஜீரியா நாலு கோலையும் திருப்பிப் போட்டு பெனல்டியில வெண்டிச்சு, அந்த நாலாவது கோல் போட்டது இதே உக்பாடே தான். இப்பவும் நைஜீரியாவுல அதை டமாம் அதிசயம்னு தான் சொல்றாங்க. பிறகு 2013ல நாலாவது தரம் கப் எடுத்த டீமுக்கு அவர் துணைக் கோச். விளையாடியும் எடுத்து, சொல்லிக் குடுத்தும் எடுத்த மனுசன்.

1987ல கனடாவுல ஃபைனல் வரைக்கும் போய் சோவியத் யூனியன்ட்ட பெனல்டியில தோத்தாங்க. எல்லாம் நல்லாத்தான் போய்க்கொண்டிருந்திச்சு.

இப்ப தான் உங்கட வீட்டுக்கு வந்த ஆள் சொல்லாம விட்ட பகுதி வருது. 1988 ஒலிம்பிக்ஸுக்கு நைஜீரியா குடுத்த லிஸ்ட்ல மூணு பேர்ட பிறந்த திகதி, அதே ஆக்கள் முந்தின போட்டிகளுக்குக் குடுத்த திகதியோட ஒத்துப் போகல. யாரும் காட்டிக் குடுக்கவும் இல்ல, ஸ்கேன் எடுக்கவும் இல்ல, ரெண்டு காகிதத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சாங்க, அவ்வளவு தான். ஃபிஃபா நைஜீரியாவை எல்லா வயசுப் பிரிவுப் போட்டியில இருந்தும் ரெண்டு வருசம் தடை செஞ்சிச்சு. அதோட 1991ல நைஜீரியாவுல நடக்க இருந்த 20 வயசு உலகப் போட்டியையும் பறிச்சு போர்த்துகலுக்குக் குடுத்தாங்க. போர்த்துகல் என்ன செஞ்சிச்சு தெரியுமா, ஃபிகோ, ரூயி கோஸ்டா எல்லாம் இருந்த டீமோட லிஸ்பன்ல லட்சத்துக்கு மேல சனம் பாக்க பிரேசிலை வெண்டு கப்பை வீட்டுலயே வச்சுக்கொண்டிச்சு. அந்த சனமும் அந்தச் சத்தமும் லாகோஸ் பொடியன்களுக்குக் கிடைச்சிருக்க வேண்டியது. அதே 1991ல இத்தாலியில நடந்த 17 வயசுப் போட்டியிலயும் நைஜீரியா இல்ல, பக்கத்துல கானா போய் கப்போட வந்திச்சு.

நான் எப்பவும் யோசிக்கிறது அந்த மூணு பேரைப் பத்தி இல்ல தங்கச்சி. 1990ல லாகோஸ்லயோ கடுனாவுலயோ 15 வயசுல, உண்மையான திகதியோட, நல்லா விளையாடிக்கொண்டிருந்த ஒரு பொடியன் இருந்திருப்பான் தானே. அவன் ஒரு பிழையும் செய்யல. அவனுக்கு அந்த வயசு ஒரு தரம் தான் வரும், அது வந்த நேரம் நாடே தடையில இருந்திச்சு. பொய் காகிதம் எழுதின ஒபிசர் வேற வேலைக்குப் போயிருப்பார், அந்தப் பொடியனுக்கு அந்த வருசத்தைத் திருப்பிக் குடுக்க ஆளே இல்ல. வயசுப் பொய்யில உண்மையான நட்டம் எப்பவும் இப்பிடி வரிசையில நேர்மையா நிண்ட பிள்ளைக்குத் தான். உங்கட மகனை ரெண்டு வருசம் சின்னவனாக் காட்டி உள்ள போட்டா, வெளிய தள்ளப்படுறது 13 வயசுப் பிள்ளை ஒண்டு, அவன்ட அம்மாவும் எங்கயோ இதே மாதிரி அழுதுகொண்டு வாற பிள்ளையைப் பாத்துக்கொண்டிருப்பாங்க.

தடை முடிஞ்சு 1993ல ஜப்பானுக்குப் போன டீம் தான் எனக்கு எல்லாத்தையும் விட விருப்பம். நுவான்க்வோ கானு, செலஸ்டின் பாபயாரோ, வில்சன் ஒருமா. கனடாவுக்கு எட்டு கோல் போட்டாங்க, ஃபைனல்ல கானாவை 2-1ன்னு வெண்டாங்க, கடிகாரம் சரியா ஓடுற மாதிரி பாஸ் போகும், பாக்கவே ஆசையா இருக்கும். மூணு வருசம் கழிச்சு 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ்ல நைஜீரியா தங்கம் எடுத்தப்ப இந்த மூணு பேரும் அந்த டீம்ல இருந்தாங்க, கானு தான் கேப்டன், செமி ஃபைனல்ல பிரேசிலுக்கு எதிரா கடைசி கோல் அவர்ட கால்ல இருந்து தான் வந்திச்சு. இதைத் தான் நான் ஒரு வயசுப் பிரிவு டீமோட வெற்றின்னு சொல்லுவேன், 1993 கப்பை விட 1996ல அவங்க எங்க நிண்டாங்கங்கிறது தான் பெருசு.

2007 கொரியா. ஃபைனல்ல ஸ்பெயினோட கோல் இல்லாம முடிஞ்சு பெனல்டிக்குப் போய், ஸ்பெயின் ஒண்டைக் கூட உள்ள போடல, நைஜீரியா 3-0. கோச் யெமி டெல்லாவுக்கு அப்ப நுரையீரல் கேன்சர். வருத்தத்தோடயே டீமைக் கொண்டு போய் கப் எடுத்துக் குடுத்திட்டு, அடுத்த மாசமே காலமாயிட்டார். இதை எழுதும்போது இப்பவும் எனக்கு மனசு கனக்குது.

2009ல நைஜீரியாவுலயே போட்டி நடந்திச்சு, இது தான் உங்கட கேள்விக்கு நேரடியான இடம். ஃபிஃபா மணிக்கட்டு எம்ஆர்ஐ ஸ்கேனை முதல் தரம் கொண்டு வந்தது அந்தப் போட்டியில தான். மணிக்கட்டுக்கிட்ட கை எலும்போட நுனியில ஒரு வளர்ச்சித் தட்டு இருக்கு, பிள்ளை வளர்ற காலத்துல அது திறந்து கிடக்கும், வளர்ச்சி முடிய முடிய மூடிக்கொண்டு வந்து கடைசியில எலும்போட ஒண்டாயிடும். ஸ்கேன்ல இதை ஆறு படியாப் பிரிச்சிருக்காங்க, ஆறாவதுன்னா முழுசா மூடியாச்சு. 17 வயசுக்குள்ள அப்பிடி முழுசா மூடுற பிள்ளைகள் நூத்துக்கு ஒருத்தரும் வராது. எக்ஸ்ரே எடுக்காம எம்ஆர்ஐ எடுக்குறது ஏன்னா சுகமா இருக்குற பிள்ளைக்கு சும்மா கதிர் படக் கூடாதுன்னு. நைஜீரியாவே தன்ட முகாம்ல இருந்த பல பேரை இந்த ஸ்கேன்ல நிப்பாட்டிச்சு, போட்டி தொடங்க முன்னுக்கு டீமையே திரும்பக் கட்ட வேண்டி வந்திச்சு. அப்பிடிக் கட்டின டீம் ஃபைனல் வரைக்கும் வந்திச்சு. அபுஜாவுல நடந்த ஃபைனல்ல சுவிஸ் 1-0ன்னு வெண்டாங்க, கோல் போட்டது செஃபெரோவிச், கூட க்ரானிட் ஷாக்காவும் இருந்தார், வெளிநாட்டுல இருந்து போன குடும்பங்கள்ட பிள்ளைகள் நிறைய இருந்த டீம், சுவிஸ்ல சொந்தக்காரர் இருக்குற நம்மட ஆக்கள் நிறையப் பேருக்கு அந்த டீம் மேல ஒரு விருப்பம் இருக்கு. அந்தப் போட்டிக்கு நெய்மாரும் வந்திருந்தார், பிரேசில் குரூப்போடயே வீட்ட போயிட்டுது.

சரி, இப்ப யோசிங்க. வயசு குறைச்சுத்தான் வெண்டாங்கன்னா ஸ்கேன் வந்த பிறகு நைஜீரியா ஓய்ஞ்சு போயிருக்கணும். ஆனா நடந்தது என்ன? 2013ல எமிரேட்ஸ்ல மெக்சிகோவை முதல் மெட்ச்சுல 6-1, திரும்ப ஃபைனல்ல 3-0. அந்த ஒரு போட்டியில மொத்தம் 26 கோல், அது அந்தப் போட்டியோட ரெக்கோர்ட். கெலெச்சி இஹியானாச்சோ தான் சிறந்த வீரர். 2015ல சிலியில திரும்பவும் கப், ஃபைனல்ல மாலியை 2-0, விக்டர் ஒசிம்ஹென் பத்து கோல் போட்டார், அதுக்கு முன்ன ஒம்பது தான் கூட. ஸ்கேன் வந்த பிறகு வந்த இந்த ரெண்டு டீமும் தான் என்ட கணக்குல அந்த அஞ்சுலயும் பலமான டீம்கள். அதனால தான் அந்த மனுசன்ட கதை பிழைன்னு சொல்றேன். வெண்டு குடுத்தது வேற ஒண்டு. ஊர் ஊரா ஓபன் ட்ரையல் வச்சு நூத்துக் கணக்குல பொடியன்களைப் பாத்தாங்க, மாசக் கணக்குல ஒண்டா வச்சு விளையாட வச்சாங்க, 2015ல கோச்சா இருந்த எம்மானுவேல் அமுனிகே 1994 ஆபிரிக்கக் கப் ஃபைனல்ல ரெண்டு கோல் போட்ட ஆள், அப்பிடியான ஆக்களைப் பொடியன்கள் பக்கத்துல விட்டாங்க. ஒசிம்ஹென் லாகோஸ்ல ட்ராஃபிக்ல நிக்கிற வாகனங்களுக்குத் தண்ணி வித்துத் திரிஞ்ச பிள்ளை. அவரைத் தேடி ஒரு ட்ரையல் வந்திச்சே, அது தான் கதை. பிறகு நாப்போலிக்கு 33 வருசத்துக்குப் பிறகு இத்தாலி லீக் கப் எடுத்துக் குடுத்ததும், 2023ல ஆபிரிக்காவின் சிறந்த வீரர் ஆனதும் அந்த வாசல் திறந்ததுனால தான்.

பொய் திரும்ப வந்த இடத்துல என்ன நடந்திச்சுன்னும் சொல்றேன். 2015ல கப் எடுத்து அடுத்த வருசமே முகாம்ல இருந்த இருபதுக்கும் மேற்பட்ட பேர் ஸ்கேன்ல விழுந்தாங்க. அவசரமா வேற டீம் சேர்த்தாங்க, நைஜர்ட்ட தோத்தாங்க, 2017ல இந்தியாவுல நடந்த உலகப் போட்டிக்கே போக ஏலாமப் போச்சு. உலகச் சாம்பியன் வீட்டுல இருந்து டிவி பாத்திச்சு. நைஜர் போய் விளையாடிச்சு. 2023லயும் இல்ல, 2025ல 48 நாடு விளையாடின கத்தார் போட்டியிலயும் இல்ல. நைஜீரியா மட்டும் இல்ல, 2023ல கமரூன் ஃபுட்போல் சங்கம் சாமுவேல் எட்டோ தலைவரா இருக்கும்போது தன்ட 17 வயசு டீமை ஸ்கேன் பண்ணிப் பாத்ததுல 30 பேர்ல 21 பேர் விழுந்தாங்க. அதுல எத்தனை பிள்ளைகள் தாங்களா விரும்பிப் பொய் சொல்லியிருப்பாங்க? வீட்டுக்கு வந்து கதைச்ச ஒரு ஆள் எல்லாருக்கும் பின்னால இருந்திருப்பார்.

இன்னொண்டையும் மறக்கக் கூடாது, நைஜீரியாவுல நிறைய இடத்துல பிள்ளை பிறந்தாப் பதியிறதே இல்லாம இருந்திச்சு, திகதி தெரியாமயே வளர்ந்த பிள்ளைகளும் இருக்காங்க. நம்மளுக்கு இது விளங்கும், வன்னியில இடம்பெயர்ந்து காகிதம் எல்லாம் போன குடும்பங்கள் பிறகு ஒரு பர்த் சர்டிபிகேட்டுக்கு எத்தனை கந்தோர் ஏறி இறங்கினாங்க. காகிதம் இல்லாத பிள்ளையைக் கள்ளன்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா உங்கட மகனுக்குக் காகிதம் இருக்கு, சரியா இருக்கு. அதைப் போய் நாசமாக்குறதா?

அதுவும் நம்மட நாட்டுல இது எங்க போய் முட்டும்னு அந்த ஆள் சொன்னாரா? 15 வயசுல ஐடென்டி கார்ட் எடுக்கணும். புது ஐடென்டி நம்பர்ல முதல் நாலு இலக்கம் பிறந்த வருசம், அடுத்த மூணு இலக்கம் அந்த வருசத்துல எத்தனையாவது நாள் பிறந்தோம்ங்கிறது. பொய் திகதியோட எடுத்தா அந்தப் பொய் நம்பராவே அவன்ட நெத்தியில ஒட்டிடும், ஓலெவல், பாஸ்போர்ட், பேங்க், நாளைக்குக் கல்யாணம் எழுதுறது வரைக்கும். உண்மைத் திகதியோட ஐடென்டியும் பொய் திகதியோட ஸ்போர்ட்ஸ் ஃபைலும் வச்சிருந்தா 1989ல நைஜீரியாவைப் பிடிச்ச மாதிரி ரெண்டு காகிதத்தைப் பக்கத்துல வச்சே பிடிச்சிடுவாங்க. அப்ப அந்த ஆள் வந்து நிக்க மாட்டார். உங்கட கையெழுத்தும் மகன்ட பேரும் தான் நிக்கும்.

சரி, பிடிபடவே இல்லைன்னு வைப்பம். அப்பவும் நட்டம் அவனுக்குத் தான். 15 வயசுக்காரன் 13 வயசுக்காரரோட விளையாடினா என்ன படிப்பான்? ஓடியே தாண்டிடுவான், தள்ளியே எடுத்துடுவான், தலையைத் தூக்கிப் பாக்க வேண்டிய தேவையே வராது. 19 ஆகும்போது மத்தவங்களுக்கும் உடம்பு வந்திடும், இவன்ட்ட இருந்த ஒரே சாமானும் அதோட போயிடும். நேர்மையாப் போன பிள்ளைகளுக்கே 17 வயசுக் கப் ஒண்டும் உறுதி தாரதில்ல. 2007ல ஆகக் கூடுதலா கோல் போட்டது நைஜீரியாவோட மெக்காலி கிறிசான்டஸ், ஏழு கோல், சிறந்த வீரர் பரிசு போனது செமியில அதே நைஜீரியாட்ட தோத்த ஜெர்மனியோட டோனி க்ரோஸுக்கு, ஏழு வருசத்துல அவர் பெரியவங்கட உலகக் கப்போட நிண்டார், கிறிசான்டஸ் பெயரை இப்ப எத்தனை பேருக்குத் தெரியும். 2015ல சிறந்த வீரர் ஆன கெலெச்சி ந்வாகாலியை இங்கிலாந்து கிளப் ஆர்சனல் எடுத்திச்சு, முதல் டீமுக்கு ஒரு மெட்ச் கூட விளையாடாம வெளிய வந்தார். தாய்வோ அவோனியி லிவர்பூல்ல கையெழுத்து வச்சு, வேர்க் பர்மிட் இல்லாம நாடு நாடா வேற கிளப்புகளுக்குக் கடனா விளையாடப் போய், லிவர்பூலுக்கு ஒரு மெட்ச்சும் விளையாடாம, பிறகு ஜெர்மனியில தன்ட கால்ல நிண்டு இங்கிலாந்துக்குத் திரும்பி வந்தார். அதே நேரம் 2003ல ஃபின்லாந்துல குரூப்போடயே வெளிய வந்த நைஜீரியா டீம்ல ஜோன் ஓபி மிகேல் இருந்தார், 2012ல செல்சியோட சாம்பியன்ஸ் லீக் எடுத்தார். கப் எடுத்தவன் காணாமப் போறான், தோத்தவன் வந்து நிக்கிறான். 13 வயசு செலெக்ஷன் ஒண்டுக்காக வாழ்க்கை முழுக்கப் பொய் திகதியைச் சுமக்கிறது எந்தக் கணக்குலயும் சரி வராது தங்கச்சி.

இப்ப மகன்ட உயரத்துக்கு வாரேன், உண்மையான பிரச்சினை அது தானே. ஃபுட்போல்ல வயசுப் பிரிவு ஜனவரி 1ஐ வச்சுத் தான் பிரிக்கிறாங்க. உங்கட மகன் நவம்பர். அதே வருசம் ஜனவரியில பிறந்தவன் இவனை விடப் பத்து மாசம் மூத்தவன், ரெண்டு பேரும் ஒரே லிஸ்ட்ல. இந்த வயசுல பத்து மாசம்னா சின்ன விசயமா? உலகம் முழுக்க வயசுப் பிரிவு டீம்களை எடுத்துப் பாத்தா வருசத்தோட முதல் மூணு மாசத்துல பிறந்தவங்க தான் நிறைய இருப்பாங்க, கடைசி மூணு மாசத்துப் பிள்ளைகள் குறைவு, இது நிறைய ஆராய்ச்சியில வந்த விசயம். அவங்களுக்குத் திறமை குறைவுன்னு இல்ல, கோச்மார் உடம்பைப் பாத்துத் தெரிவு செய்றாங்க. பெல்ஜியம் இதை விளங்கிக்கொண்டு பிந்தி வளர்ற பொடியன்களுக்குன்னே தனியா ஒரு தேசிய டீம் நடத்துது, நல்லா விளையாடுற சின்ன ஆக்கள் உடம்பு வார வரைக்கும் கைவிடப்படக் கூடாதுன்னு. நம்மட செலெக்டர்மாருக்கும் இதை யாராவது எடுத்துச் சொல்லணும், நான் சொல்லிக்கொண்டு தான் இருப்பேன்.

நம்மட டீமைப் பத்தியும் ஒரு வார்த்தை. தெற்காசிய நாடுகள் விளையாடுற 17 வயசு சாஃப் போட்டி 2022லயும் 2025லயும் இங்க கொழும்பு ரேஸ்கோர்ஸ்ல தான் நடந்திச்சு, ரெண்டு தரமும் இந்தியா கப்போட போச்சு, 2025ல நம்மட பொடியன்கள் செமிக்கே வரல. அதே வருசம் மே மாசம் அருணாசலப் பிரதேசத்துல நடந்த 19 வயசுப் போட்டியில இந்தியாட்ட 8-0. இதைப் பாத்திட்டு சில பேர் மற்ற நாட்டுக்காரன் வயசு குறைச்சு விளையாடுறான், நாமளும் குறைப்பம்ங்கிறாங்க. எனக்கு அப்பிடித் தெரியல. நம்மட பிள்ளைகளுக்கு மெட்ச் காணாது. ஸ்கூல் சீசன் கொஞ்ச நாள், பிறகு டியூஷன், எக்ஸாம், அதோட ஃபுட்போல் சங்கத்துச் சண்டையால 2023 ஜனவரியில இருந்து ஒகஸ்ட் வரைக்கும் ஃபிஃபா நம்மளையே தடை செஞ்சு வச்சிருந்திச்சு, அந்த மாசங்கள்ல எந்த வயசு டீமும் வெளிய போய் விளையாட ஏலாது. அப்ப 16 வயசுல இருந்த ஒரு பிள்ளைக்கு அந்த ஏழு மாசத்தை யார் குடுக்கிறது? பெரியவங்க செஞ்ச பிழைக்குப் பிள்ளைகள் வருசத்தைக் கட்டுறாங்க, லாகோஸ்லயும் அதே, இங்கயும் அதே. அதுல நீங்களும் ஒரு பெரியவரா சேர்ந்துடாதீங்கன்னு தான் கெஞ்சிக் கேக்கிறேன். உங்கட அவர்ட்டயும் இதை வாசிச்சுக் காட்டுங்க, அவரும் மகன்ட நல்லதுக்குத் தான் யோசிக்கிறார்னு எனக்கு விளங்குது.

மகனுக்கு என்ன சொல்றதுன்னு கேட்டீங்க. உள்ளதைச் சொல்லுங்க. அவன் சின்னன், நவம்பர்ல பிறந்தவன், இன்னும் வளருவான், அதுவரைக்கும் தன்னை விடப் பெரிய பொடியன்களோட விளையாடுறது அவனுக்கு லாபம், ஏன்னா இடிச்சு எடுக்க ஏலாதவன் தான் பாஸ் வாரதுக்கு முன்னமே எங்க போறதுன்னு யோசிக்கப் பழகுவான். அந்த கோச்சிங்கை விட்டு அவனை எடுத்துடுங்க, வேற இடம் பாருங்க, கொழும்புல பிள்ளைகளை ஒழுங்காப் பழக்குற ஆக்களும் இருக்காங்க. அவர்ட்டப் போய் சண்டை பிடிக்கத் தேவையில்ல, வேணாம்னு ஒரு சொல்லு போதும். திரும்ப வந்து கரைச்சல் குடுத்தா ஸ்கூல் பிரின்சிபல்ட்ட சொல்லுங்க, மத்தப் பிள்ளைகள்ட வீட்டுக்கும் போயிருப்பார்.

பிறகு, மகன் விங்னு எழுதியிருந்தீங்க. அப்ப 2015 டீம்ல ஒசிம்ஹெனை மட்டும் பாக்காம சாமுவேல் சுக்வுவேஸையும் பாக்கச் சொல்லுங்க. பெரிய உடம்பு இல்ல, வலது பக்கம் நிண்டு இடது காலால உள்ளுக்கு வெட்டி வருவார், டிஃபெண்டர் காலை வைக்க முன்னமே பந்து அங்க இருக்காது, அப்பிடியே வில்லாரியல், ஏசி மிலான்னு போனார். யூடியூப்ல தேடினா கிடைக்கும். பாத்திட்டு அவன் எந்தக் கால் ஆள், எந்தப் பக்கம் நிக்கிறான்னு எனக்கு அவனையே எழுதச் சொல்லுங்க.

அன்புடன்,
அக்கா